புகை பார்க்கிற கோல்கீப்பர்

“இருக்கியாம்மா?”

போனில் பாண்டிச்செல்வி கேட்கிற முதல் கேள்வி இதுதான். நல்லா இருக்கியா என்றல்ல. இருக்கியா, அவ்வளவுதான். தாயில்பட்டியிலிருந்து அம்மா மூக்கம்மாள், “இருக்கேன்த்தா, நீ பந்தப் பாரு” என்று சொன்ன பிறகே கிளவுஸை மாட்டுவாள். மூக்கம்மாளுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. ஷெட்டுக்குள் போன் ஆகாது. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். அதனால் காலையில் ஒரு தடவை பேச்சு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை. நடுவில் கிடக்கிற பொழுதுதான் மகளைத் தின்னும்.

பெண்களுக்கான தேசியக் கால்பந்து லீக் தொடங்கி இது இரண்டாவது சீசன். போட்டியெல்லாம் வடக்கே ஒரு மலையூரில். கோல்கீப்பர் பாண்டிச்செல்வி ஆள் நெடுநெடுவென்று இருப்பாள். இட்லிக்குச் சீனிதான் தொட்டுக்கொள்வாள். பாய்ந்து வருகிறவள் காலடியில் தலையைக் கொடுக்க அஞ்சாத இவளுக்கு வெடிச்சத்தம் என்றால் குலை நடுங்கும். பட்டாசு ஊர்க்காரிக்கா இந்தப் பயம் என்று தோழிகள் கேலி செய்தார்கள். பட்டாசு ஊர்க்காரிக்கு இல்லாமல் வேறு யாருக்கு? அங்கே வேளைகெட்ட வேளையில் வெடி கேட்டால் தெருவே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கும், எந்தக் கம்பெனிப் பக்கம் புகை என்று.

முதல் ஆட்டத்தில் கேலரியில் எவனோ ஓர் அணுகுண்டு வெடியைக் கொளுத்திவிட்டான். இவள் பந்தை விட்டுவிட்டு வானத்தில் புகையைத் தேடினாள். கோல்! இன்னொரு தடவை மேலே பார்த்தால் பெஞ்சுதான் என்று கோச் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

அரையிறுதி அன்று காலை மூக்கம்மாள் போனை எடுக்கவே இல்லை. தீபாவளி லோடு, சீக்கிரம் கம்பெனி வேன் ஏறியிருப்பாள் என்று மகள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பத்தான் முடியவில்லை. கிளவுஸ் மாட்டாமல் நின்றவளுக்குக் கேப்டன் பிரீத்திகாதான் அதை மாட்டிவிட்டு மைதானத்துக்கு இழுத்துப் போனாள்.

ஒரு கோல் முன்னிலை. கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி. எதிரணிக்காரி உதைக்கவும் கேலரியில் வெடி வெடிக்கவும் சரியாக இருந்தது. பாண்டிச்செல்வி மேலே பார்க்கவில்லை. இடப்பக்கம் விழுந்து பந்தை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டாள்.

விசில் ஊதியாயிற்று, பைனலுக்குப் போயாயிற்று. தூக்க வந்தவர்களைத் தள்ளிக்கொண்டு பெஞ்சுக்கு ஓடினாள். நடுவர் பந்தைக் கேட்டார், கொடுக்கவில்லை. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பல்லால் கிளவுஸைக் கழற்றிப் போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊரில் சாப்பாட்டு நேரம்தான், எடுக்க வேண்டுமே.

“இருக்கியாம்மா?”

“இருக்கேன்த்தா. வேன் இன்னைக்கு வெள்ளன வந்துருச்சு. நீ பந்தப் பாத்தியா?”

பாண்டிச்செல்வியின் கக்கத்திலிருந்த பந்து நழுவிப் புல்லில் உருண்டு போயிற்று.