தண்ணிமுறிப்பு லைன்

குமுழமுனைக்குப் போகும் வீதியில் கூரை பாதி போன ஒரு பஸ் தரிப்பிடம் இருக்கிறது. காலையில் அங்கே மனிதர் யாரும் நிற்பதில்லை. உட்காரப் போட்ட சீமெந்து வாங்கில் ஒரு கறுத்த ஆடு மட்டும் படுத்திருக்கும். கச்சு முகம்மது அதன் முன்னால் சைக்கிளை ஓரங்கட்டி, ஒரு காலை நிலத்தில் ஊன்றி நிற்கிறார். ஆட்டைப் பார்க்கிறார். பின்னால் திரும்பிப் பார்க்கிறார். ஏறுவதற்கு யாருமில்லை என்பது உறுதியானதும் "றைட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி மிதிக்கத் தொடங்குகிறார்.

"ஒருத்தரும் இல்லையே நானா, ஏன் நிக்கிறீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.

"கால் தானா நிண்டிட்டுது. பென்சன் எனக்குத்தான் தந்தவங்கள், காலுக்குத் தரேல்லை."

அவர் மனைவி லதீபா அந்தத் தரிப்பிடத்தில் நிற்பதில்லை. மணியைக்கூட அடிக்காமல் எங்களைத் தாண்டிப் போய்விடுவார். லதீபா இந்த வீதிக்கு வந்து சேர்ந்த கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கச்சு முகம்மது அரச பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு தண்ணீரூற்றில். அறுபதைத் தாண்டிவிட்டார். அகன்ற தோள், குட்டையான வெள்ளைத் தாடி, மடித்துக் கட்டிய சாரம். சாரத்துக்குக் கீழே, மகள் வாங்கிக் கொடுத்த இலைப்பச்சை நிறச் சப்பாத்து. சைக்கிள் ஓடும்போது முழங்கை இரண்டையும் அகல விரித்து வைத்துக்கொள்வார். ஒரு பஸ்ஸின் அகலத்தைத் தன்னோடு கொண்டு போகிறவர் போல வீதியின் நடுவில் போவார். வளைவு வந்தால், எதிரே மாடுகூட இல்லாவிட்டாலும் மணியடிப்பார். வீதியைக் கடக்கும் மயிலுக்குக் கையைக் காட்டி வழி விடுவார். குழி வந்தால், "பின் சீற்றுக்காரர் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்று குரல் கொடுப்பார். பின் சீற்றுக்காரர் என்பது நான்தான். முள்ளியவளையிலிருந்து சனிக்கிழமை தோறும் அவருக்குப் பின்னால் வேறொரு சைக்கிளில் போகிறவன்.

வீதிகளை அவர் ஊர்ப் பெயரால் சொல்லமாட்டார். எல்லாம் லைன்தான். ஒட்டுசுட்டான் லைன், முத்தையன்கட்டு லைன், தண்ணிமுறிப்பு லைன். இவற்றில் கடைசி லைனில்தான் அவருக்கு உயிர்.

"பெரிய றோட்டை லொறிக்காரருக்கு விட்டிடுவம் தம்பி. நான் இந்த வன்னி முழுக்க பஸ் ஓடினனான். எத்தினை குளத்துக்குப் பக்கத்தால போனனான், ஒரு குளத்தையும் பாக்கேல்லை. கண்டதெல்லாம் முன்னுக்குப் போற லொறியின்ர முதுகுதான்."

தண்ணிமுறிப்பு லைனில் லொறி இல்லை. குமுழமுனையைத் தாண்டியதும் வயல் வெளி திறந்துகொள்ளும். வீதியோடு கூடவே வாய்க்கால் வரும். சில இடங்களில் அது எங்களை முந்தும், சில இடங்களில் நாங்கள் அதை முந்துவோம். பிறகு மருத மரங்களின் நிழல். அந்த நிழலுக்குள் சைக்கிள் சில்லின் சத்தம் மட்டும் கேட்கும். குளம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காற்றில் தெரிந்துவிடும். முகத்தில் ஒரு ஈரம் வந்து படும். அப்போது கச்சு முகம்மது கதையை நிறுத்திவிடுவார். வாய் ஓயாத மனிதர் வாய் மூடினால், குளக்கட்டு வந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்தக் குளக்கட்டில்தான் அவர் விழுந்தார்.

அப்போது எனக்குக் கிளிநொச்சியில் வேலை. அவருக்குத் துணை யாருமில்லை, தனியாகத்தான் போவார். அன்றைக்குப் பிறஷர் குளிசையை விழுங்கியவர், தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் புறப்பட்டிருக்கிறார். குளக்கட்டில் ஏறியதும் தலை சுற்றியது. தண்ணீர் விளிம்பில், அலைகரையில், எருமை மேய்த்துக்கொண்டிருந்த வீரபாகு, முதலில் கண்டது ஆளையல்ல. புல்லுக்குள் கிடந்து இன்னும் சுற்றிக்கொண்டிருந்த சில்லைத்தான். ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்து, தன் போத்தலில் இருந்த தேத்தண்ணீரைக் கொடுத்து, தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரூற்றுக்கு வந்தார்.

லதீபா வீட்டு முன்விறாந்தையில் தையல் மெசினில் இருந்தார். வாசலுக்கு வந்து நின்ற பெட்டியின் விளிம்புக்கு மேலே இரண்டு பச்சைச் சப்பாத்துகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. கையில் இருந்த துணியோடு ஓடினார்.

கச்சு முகம்மது தலையைத் தூக்கி, "ஒண்டுமில்லை லதீபா. சும்மா படுத்தனான்" என்றார்.

லதீபா கையில் இருந்த துணியால் அவர் முகத்தைத் துடைத்தார். அன்று பின்னேரம், டொக்டரிடம் போய்வந்த பிறகு, ஆட்டுக் கொட்டிலின் தூணோடு சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். சாவி தையல் மெசின் லாச்சிக்குள் போனது.

"டொக்டர் ஓடவேணாமெண்டு சொல்லேல்லை. தனியா ஓடவேணாமெண்டுதான் சொன்னவர்" என்றார் கச்சு முகம்மது.

"உங்களோட குளத்தடிக்கு ஆரு வாறது? வீரபாகண்ணையின்ர எருமையோ?"

கச்சு முகம்மது சப்பாத்தைக் கழற்றி வைத்தார். வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு மாதம் உட்கார்ந்தார். முதலில் வீதியால் போகிறவர்களோடு கதைத்தார். பிறகு அதுவும் குறைந்தது. "ஓயாமக் கதைக்கிற மனிசன் தம்பி. ஒருநாள் அவர் ஓடின பஸ்ஸே வாசலால போகுது, நிமிந்து பாக்கேல்லை" என்று லதீபா பின்னர் என்னிடம் சொன்னார்.

பிறகு ஒருநாள் பழைய இரும்பு வாங்குகிற ஆள் வந்தார். கொட்டிலில் சைக்கிளைக் கண்டு, விற்கிற எண்ணமோ என்று கேட்டார். கச்சு முகம்மது கதிரையை விட்டு எழும்பாமலே, "கொண்டு போங்கோ" என்றார்.

லதீபா கத்திரிக்கோலும் கையுமாக வெளியே வந்தார். "அது விக்கிறதுக்கில்லை."

இரும்புக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். லதீபா உள்ளே போய் லாச்சியை இழுத்துச் சாவியை எடுத்து வந்து கணவரின் மடியில் போட்டார்.

"எனக்கு ஓடப் பழக்கிவிடுங்கோ. நான் உங்களோட வாறன்."

கச்சு முகம்மது சிரித்தார். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. லதீபா சிரிக்கவில்லை என்பது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். "உனக்கு ஐம்பத்தாறு வயசு."

"என்ர கால் மெசின் மிதிச்ச கால். சைக்கிளும் மிதிக்கிறதுதானே."

சின்ன வயதில் தண்ணீரூற்றில் லதீபாவின் நானாமாருக்குச் சைக்கிள் இருந்தது. அவருக்கும் ஆசை இருந்தது. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டு ஊரைவிட்டுப் போனபோது சைக்கிளும் ஆசையும் இங்கேயே நின்றுவிட்டன. பிறகு புத்தளம், கல்யாணம், மூன்று பிள்ளைகள், மெசின். திரும்பி வந்த பிறகு வீட்டைக் கட்ட வேண்டியிருந்தது.

பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள கொங்கிறீற் ஒழுங்கையில் பயிற்சி தொடங்கியது. கச்சு முகம்மது கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

"மெதுவா எடு. கிளச்சை விடு. விடு எண்டுறன்."

"இதில கிளச் எங்க கிடக்கு?"

"இடப்பக்கம் வெட்டு. பின்னுக்கு ஆள் ஏறுது, பாத்து."

லதீபா சைக்கிளை நிறுத்தி இறங்கினார். "நீங்க வீட்ட போய் இரிங்கோ. உங்கட பஸ்ஸை நான் ஓடேல்லை." அதன்பின் பக்கத்து வீட்டு ஸஹ்றா கரியரைப் பிடித்தாள். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் படிப்பிக்கிறவள், சத்தம் போடமாட்டாள். பிடியை விட்டதையும் சொல்லமாட்டாள். இரண்டு தரம் லதீபா கதியால் வேலிக்குள் போனார். ஒரு தரம் வேலியைத் தாண்டி ஒரு வீட்டுக் குசினி வாசல் வரை போனார். அங்கே அவருக்குப் பிளேன்டீ கொடுத்து அனுப்பினார்கள்.

ஹபாயா அங்கி சைக்கிள் சங்கிலிக்குள் மாட்டியபோது, அன்றிரவே கணுக்காலில் இலாஸ்ரிக் வைத்து உள்ளே காற்சட்டை போன்ற ஒன்றைத் தைத்துக்கொண்டார். இப்போது அந்தத் தெருவில் நான்கு பெண்கள் அதே மாதிரி தைப்பித்திருக்கிறார்கள். தொழுகை முடிந்து வந்த, லதீபா அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் ஒரு பெரியவர், "இந்த வயசில என்னத்துக்குப் பிள்ளை?" என்று கேட்டாராம். லதீபா சைக்கிளை நிறுத்தாமல் சொன்ன பதிலை ஸஹ்றா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்: "இந்த வயசிலதான் நேரம் கிடைச்சது காக்கா."

முதல் முறை அவர்கள் தண்ணிமுறிப்புக்குப் போனபோது நானும் போனேன். கிளிநொச்சி வேலையை விட்டு ஊருக்கு வந்திருந்த நேரம். லதீபா ஸஹ்றாவிடம் இரவல் வாங்கிய சைக்கிளில் பணிஸும் ஒரு பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணீரும் கட்டிக்கொண்டு வந்தார். வழியில் மூன்று இடத்தில் இறக்கி, கணவரைக் குடிக்க வைத்தார். கச்சு முகம்மது முன்னால் போய்க்கொண்டே, "வாறியோ? வாறியோ?" என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் இரண்டு தரம் அவரே வாய்க்காலுக்குள் போகப் பார்த்தார்.

மருத மர நிழல் முடிந்தது. குளக்கட்டின் ஏற்றத்தில் மூவரும் இறங்கித் தள்ளினோம். மாரி முடிந்த காலம். தண்ணீர் கட்டின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நின்றது. செத்த மரங்களின் கிளைகளில் நீர்க்காகங்கள் இறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அக்கரையில் காடு, அதற்கு மேலே ஒன்றுமேயில்லை.

லதீபா சைக்கிளைப் பிடித்தபடி அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கச்சு முகம்மதுவுக்குப் பொறுக்கவில்லை. "எப்பிடி?"

"இவ்வளவு கிட்டவா இருந்தது" என்றார் லதீபா. பிறகு கணவர் பக்கம் திரும்பி, "இதைத் தனியவோ பாத்துக்கொண்டு திரிஞ்சனீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டது போலத்தான் இருந்தது. ஆனால் கேட்டபடியே பணிஸைப் பிய்த்து அவர் கையில் வைத்தார்.

எருமைகளோடு வந்த வீரபாகு, ஆளை அடையாளம் கண்டு தொப்பியைத் தூக்கிக் காட்டினார். லதீபா அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றினார். "இனி உங்களுக்கு வேலை இல்லை அண்ணை. நான்தான் இப்ப கூட வாறன்."

"எனக்கு ஒரு சவாரி குறைஞ்சு போச்சு" என்றார் வீரபாகு.

போன சனிக்கிழமையும் போனோம். திரும்பும்போது குளக்கட்டிலிருந்து வயல் வீதிக்கு இறங்கும் சரிவில், கச்சு முகம்மது வழக்கம்போல நின்று எச்சரிக்கை சொன்னார். "இறக்கம். பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டு மெதுவா வா, லதீபா."

லதீபா அவரைத் தாண்டிப் போனார். சரிவு தொடங்கிய இடத்தில் முதுகை நிமிர்த்தி, இரண்டு கால்களையும் மிதிபலகையிலிருந்து எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக அகல நீட்டிக்கொண்டு, நெல்லுக்கு நடுவே இறங்கிப் போனார்.