சிலோன் தறி

1. கொட்டகை வாசலில் சண்டை

தறி செய்வது என் தொழில். நெய்கிற வேலை இல்லை, நெய்கிறவர் உட்காரும் தறியைச் செய்கிற வேலை. ஆரணிப் பட்டு என்றால் நெசவாளியைத் தெரியும், கடைக்காரரைத் தெரியும். தறி எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. இப்போது தறிவேலை கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் கேட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். நடுநடுவே கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம். இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு நெசவு ஊரின் தறிகளைக் கடல் அள்ளிக்கொண்டு போய்விட்டது என்ற சேதி எங்கள் நெசவாளர் சங்கத்துக்கு வந்தது. சங்கத் தலைவர் கோதண்டம் கூட்டம் போட்டார்.

"அரிசி, துணி எல்லாம் யார் வேணா குடுப்பாங்க. நாம தறிக்காரங்க. தறியா குடுப்போம்" என்றார்.

மரக்கடை வைத்திருந்த தரணேந்திரன், எங்கள் பக்கத்துத் திருமலை ஊர் ஜைனர், மரத்துக்குக் காசு வேண்டாம் என்றார். கூலி வேண்டாம் என்றேன் நான். நான்கு குழித்தறிகளை இழைத்து, கோத்து, கொட்டகையில் நிறுத்தி வைத்தேன். என் கைவேலையில் அந்த நான்கும் தனி. அந்த ஊர்க்காரர்கள் பார்த்தால் ஆரணி என்றால் என்னவென்று தெரியவேண்டும் என்று இருந்தது எனக்கு.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, தெருவெல்லாம் ஓடி, வீட்டுக்குள் வந்தது. எங்கள் ஊரில் தறி தரையில் நிற்கும். அதன் கீழே ஒரு குழி இருக்கும். நெசவாளி தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் முதலில் இறங்குவது அந்தக் குழியில்தான். தெரு முழுக்கத் தறி நின்றுபோனது.

அதே தெருவில் நெய்கிற செல்வியின் வீட்டில் அதைவிட மோசம். ஊறிய மண்சுவர் சாய்ந்து தறி மேலேயே விழுந்துவிட்டது. செல்வி புருஷனை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். அந்த ஒரு தறிதான் சோறு போட்டது. முதலாளி கொடுத்த பாவு, அதாவது நீளவாக்குப் பட்டு இழை, தறியில் ஏறாமல் மூட்டையாகக் கிடந்தது. அடுத்த வாரத்துக்குள் ஏற்றாவிட்டால் பாவை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவதாக முதலாளி ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தான். பாவு போனால் அந்த முதலாளியிடம் மறுபடி வேலை கிடைப்பது கஷ்டம்.

மறுநாள் காலை செல்வியின் கொழுந்தன் முனுசாமி, பத்துப் பேரோடு என் கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

"இன்னா மேஸ்திரி, இங்க ஊட்ல அடுப்பு எரியாம கீது. நீ கடல் தாண்டி தர்மம் பண்ணிகினு கீறியா? நாலுல ஒண்ண எங்க அண்ணிக்குக் குடு!"

கோதண்டமும் அங்கே இருந்தார். "வாக்கு குடுத்தாச்சு முனுசாமி. லாரிக்குச் சொல்லியாச்சு. இப்ப ஒண்ணைக் கொறைச்சு அனுப்பினா ஊர் பேர் இன்னா ஆவறது?"

"ஊர் பேர் பெருசா, ஊர்ல கீறவங்க பெருசா தலைவரே?"

"கத்தாதீங்கடா, பேஜாரா கீது!" என்று இரண்டு பேர் மேலும் எரிந்து விழுந்தேன். முனுசாமி சொன்னது நியாயம். கோதண்டம் சொன்னதும் நியாயம். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

2. குழிக்குள் இறங்கினேன்

அப்படியே உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு செல்வி வீட்டுக்குப் போனேன். உடைந்த தறியில் எது தேறும் என்று பார்க்கத்தான். நான் குழிக்குள் இறங்கினேன். தொடை வரை தண்ணீர். செல்வியும் அவள் பெரிய பெண்ணும் குடத்தால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார்கள். மொண்ட அளவுக்கு மறுபடி ஊறிக்கொண்டே இருந்தது.

"மேல தண்ணி வடிஞ்சாலும் கீழ ஊறிகினே கீது அண்ணா. தை மாசம் வரைக்கும் இப்படித்தான்" என்றாள் செல்வி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏரித் தண்ணீருக்கே இந்தக் கதி என்றால், கடற்கரையில்? நாங்கள் அனுப்புவது குழித்தறி. அங்கே குழி தோண்ட முடியுமா? சங்கத்தில் அத்தனை பேர் உட்கார்ந்து பேசினோம், ஒருவருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. வராது. குழி இல்லாத தறி உலகத்தில் இருக்கிறது என்றே எங்கள் ஊரில் யாரும் நினைத்ததில்லை.

ஈர வேட்டியோடு டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். அந்த ஊர் நெசவுச் சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் குணம் என்பவரின் நம்பர் கோதண்டம் கொடுத்தது சட்டைப்பையில் இருந்தது.

"அண்ணே, உங்க ஊர்ல எவ்ளோ ஆழம் தோண்டினா தண்ணி வரும்?"

"முழங்கால் அளவு தோண்டினாலே ஊறும் அண்ணன். கடல் பக்கத்திலதானே இருக்கிறம்."

"அப்ப உங்க தறிக்குக் குழி?"

"எங்கட தறிக்குக் குழி இல்லை. தறிக் காலை உயர்த்தி நிப்பாட்டித்தான் நெய்யிறது."

"குழித்தறி வருதுன்னு தெரியுமே. ஏன் சொல்லல?"

அவர் மெதுவாகச் சொன்னார்: "நீங்க அன்பா அனுப்புறீங்க. இது வேண்டாம், அது தாங்க எண்டு எப்பிடிக் கேக்கிறது? வந்தாப் பிறகு மாத்திக் கட்டுவம் எண்டு இருந்தம்."

பூத்தில் நின்றபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்குகிறவன் வாய் திறக்கக் கூசுகிறான். கொடுக்கிற நாங்கள் கேட்கவே இல்லை. யாருக்கு முதலில் என்று மட்டும் தெருவில் நின்று அடித்துக்கொண்டோம்.

3. ஓட்டிப் பார்க்காத தறி

திரும்பி வந்து கோதண்டத்திடம் சொன்னேன்: "லாரியை நிறுத்துங்க. இந்தத் தறி அங்க ஆவாது. நாலுக்கும் காலை உயர்த்திக் கட்டணும்."

மரக்கடையில் தரணேந்திரன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "கால் உயரமா வேணுமா? எடுத்துக்குங்க மேஸ்திரி" என்று கனமான மரமாகப் பார்த்து அவரே பிரித்துக் கொடுத்தார். முனுசாமியின் ஆட்களைக் கூப்பிட்டேன். குழியில் தண்ணீர், அவர்களுக்கு வேலையும் இல்லை. முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார்கள். ஆனால் மரத்தைத் தொட்டபிறகு வேலை ஜல்தியாக நடந்தது. கால் உயர்ந்தது, உட்காரும் பலகை மேலே ஏறியது, மிதி தரைக்கு மேலே தொங்கியது.

என்னிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஓட்டிப் பார்க்காத தறியை வெளியே விடமாட்டேன். ஒரு சேலையாவது அதில் நெய்து இறங்கவேண்டும். அதுவும் இது நாங்கள் முதல்முதலாகக் கட்டிய மேட்டுத்தறி. "யார் ஓட்டறது?" என்றார் கோதண்டம்.

"பாவு கையில வச்சிகினு தறி இல்லாம உக்காந்துகினு கீறாளே, அவதான்" என்றேன்.

கெடு முடிவதற்கு முன்பே செல்வியின் பாவு கொட்டகையிலேயே அந்தத் தறியில் ஏறியது. முதலாளி ஆள் வந்து பார்த்துவிட்டு பாவை அவளிடமே விட்டுவிட்டுப் போனான். மற்ற மூன்று தறிகளிலும் அதே தெருவில் குழி மூழ்கிய மூன்று பேர் உட்கார்ந்தார்கள். முதல் நாள் செல்விக்குக் கால் பழகவில்லை. "நாற்காலியில உக்காந்து நெய்யற மாதிரி கீதுண்ணா" என்று சிரித்தாள். வெயில் காலத்தில் குழியின் ஈரம் இல்லாமல் பட்டு இழை அறுமே என்று பெரியவர்கள் சொன்னார்கள். கீழே ஈரச் சாக்கைப் போட்டால் சரியாகிவிடும் என்றேன், பிறகு அப்படியே ஆயிற்று.

பாவு தீர்ந்தது. லாரி வந்தது. முனுசாமி மறுபடி ஆரம்பித்தான்: "அண்ணி, இந்தத் தறிய உடாத. கேளு."

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் வேண்டும் என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். கோதண்டத்தோடு சண்டை வந்தாலும் கொடுத்திருப்பேன்.

அவள் மிதிப்பலகையைத் துடைத்துவிட்டு இறங்கினாள். "நான் ஓட்டிப் பாத்துட்டேன். நல்லா ஓடுது. அவங்களுக்கு அனுப்புங்க. அண்ணா, எனக்கு உடைஞ்ச மரத்துல இதே மாதிரி ஒண்ணு கட்டிக் குடுங்க. இனிமே குழி வேணாம்."

லாரி போன கையோடு அந்த வேலையைத் தொடங்கினேன். தேறிய பழைய மரம் பாதி, தரணேந்திரன் சும்மா கொடுத்த மரம் பாதி. செல்வியின் அடுத்த பாவு அதில்தான் ஏறியது. அங்கே நான்கு தறியும் ஓடத் தொடங்கியதும் குணம் போன் பண்ணினார். "அண்ணன், நாங்கள் ஒரு ஆணி கூட மாத்தேல்லை" என்றார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

4. அடுத்த மழை

வருஷங்கள் கழித்து மறுபடி அதே மாதிரி மழை. தெரு முழுக்கக் குழிகள் நிரம்பின. கணுக்கால் தண்ணீரில் நடந்து போனேன். எல்லா வீடும் அமைதி. ஒரே ஒரு வீட்டில் தறிச் சத்தம். செல்வி மேலே உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள், கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அன்று மாலை முனுசாமி கொட்டகைக்கு வந்தான். தலையைச் சொறிந்தான். "மேஸ்திரி, எனக்கும் ஒரு சிலோன் தறி போட்டுக் குடு."

"கடல் தாண்டி தர்மம் பண்றவன்கிட்ட எதுக்குடா வந்த?" என்றேன்.

"உடு மேஸ்திரி, அதயே பிடிச்சிகினு!" என்று அவனும் சிரித்துவிட்டான்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நம்மவனுக்கா, வெளியூரானுக்கா என்று கொட்டகையில் உட்கார்ந்து பேசாதே. இரண்டு பேர் வீட்டுக் குழியிலும் இறங்கிப் பார். என்ன வேண்டும் என்று கேள். பிறகு தறியில் கை வை.

அந்தத் தெருவில் இப்போது மேட்டுத்தறிக்கே சிலோன் தறி என்றுதான் பெயர். சின்னப் பிள்ளைகளைக் கேட்டால், இலங்கையிலிருந்து வந்த தறி என்பார்கள். வரவில்லை அப்பா, இங்கிருந்து போனது. போகிற வழியில் ஒன்று எங்கள் தெருவில் இறங்கிக்கொண்டது.