நாற்காலித் துண்டு

சந்திரகலா குரீல் சுண்டுவிரலை அசைத்தால்தான் எங்கள் ஜில்லாவில் கோதுமை முளைக்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். நல்ல மழை பெய்த வருஷங்களில் அவளைக் கேட்காமலும் முளைத்திருக்கிறது. ஆனால் லக்னோவுக்கு மேற்கே, எங்கள் கால்வாய்க் கோட்டத்தில் அவள் செயற்பொறியாளராக இருந்த காலம் முழுக்கக் கடைமடை ஊர்களுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்பதில் கலப்படம் கிடையாது.

தோல் பட்டறைத் தொழிலாளியின் மகள். இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து, கரையோரம் சைக்கிளில் அலைந்து, படிப்படியாக மேலே வந்தவள். கடைசிப் படி, இட ஒதுக்கீட்டில் கிடைத்த பதவி உயர்வு. அதை அவள் ஒளித்ததே இல்லை.

"ஆமா, கோட்டாவுலதான் வந்தேன். அதுக்காக மதகு திறக்க மாட்டேங்குதா?" என்று கேட்பாள்.

எங்கள் பக்கம் பெயர்ப்பலகையை யாரும் படிப்பதில்லை. எந்த நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு கிடக்கிறதோ, அதில் இருப்பவர்தான் சாஹிப். சந்திரகலாவின் துண்டு அவள் வீட்டுத் துண்டு. ஆபீசில் கொடுத்தது நூல் நூலாகப் பிரிந்தது என்று, தானே வாங்கி, சொட்டு நீலம் போட்டுத் துவைத்துக் கொண்டுவருவாள்.

அப்போதுதான் கோர்ட் தீர்ப்பு வந்தது. ஒதுக்கீட்டில் தந்த பதவி உயர்வுகள் செல்லாதாம். மாநிலம் முழுக்க ஆட்களை ஒரு படி கீழே இறக்கினார்கள். சந்திரகலா மறுபடியும் உதவிப் பொறியாளர். அவளுக்குக் கீழே வேலை பார்த்த நீரஜ் திரிவேதி செயற்பொறியாளராகி அவளுடைய அறைக்கு. அவளுக்கு அதே வராந்தாவில் எதிர் அறை.

இறக்கப்பட்டவர்களில் பலருக்கு அந்த மாதம் பார்த்து ரத்த அழுத்தம் ஏறியது. மருத்துவ விடுப்பில் போனார்கள். நேற்றுவரை தன் முன்னால் கைகட்டி நின்றவனிடம் இன்று கையெழுத்துக்குப் போய் நிற்பதென்றால் யாருக்குத்தான் நெஞ்சடைக்காது? சந்திரகலாவும் போய்விடுவாள் என்றே ஆபீசில் பேச்சு. ஓய்வுபெற அதிக காலமில்லை. இப்போது போனால் அந்த வாசலை மறுபடி மிதிக்கப் போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அறையைக் காலி செய்த காலையில் பியூன் மிஸ்ராவைக் கூப்பிட்டாள்.

"மிஸ்ராஜி, நான் லீவுல போயிடுவேன்னு பந்தயம் கட்டினது யாரு?"

"எல்லாரும்தான் மேடம்."

"நீங்க?"

"நான் ஒரு சமோசாவுக்கு மட்டும்தான்."

"எந்தப் பக்கம்?"

மிஸ்ரா மின்விசிறியைப் பார்த்தார்.

சந்திரகலா நாற்காலியிலிருந்து துண்டை எடுத்தாள். உதறினாள், மடித்தாள். ராணி மாதிரி வராந்தாவைக் கடந்து, எதிர் அறையின் மர நாற்காலியில் அதை விரித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் திரிவேதி லட்டுப் பெட்டியோடு வந்து அவளுடைய பழைய நாற்காலியில் அமர்ந்தான். முதலில் வந்த ஒப்பந்தக்காரர் மொட்டை நாற்காலியைப் பார்த்தார், தன் ஹெல்மெட்டை அவனிடம் நீட்டினார். "கொஞ்சம் பாத்துக்கப்பா. சாஹிப் எங்க?"

"நான்தான் சாஹிப்."

அவர் சிரித்துவிட்டு எதிர் அறைக்குப் போனார். அடுத்து வந்தவர்களும் அப்படியே. கடைமடையிலிருந்து நாலைந்து பேரோடு வந்த கிழவர் பகவான்தீன் திரிவேதியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே சந்திரகலா முன்னால் போய் நின்றார். எப்போதும் அவளை மகளைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிடுவார். அவளுக்கு அவர் சாச்சா, சித்தப்பா மாதிரி.

"பிட்டியா, தலைமடைக்காரனுங்க அவங்க மதகை மூட மாட்டேங்கிறானுங்க. எங்க கோதுமை மஞ்சளடிச்சுப் போச்சு."

"சாச்சா, இப்ப கையெழுத்து போடறவரு எதிர் ரூம்ல இருக்காரு."

"அங்க யாரோ பையன்ல உக்காந்திருக்கான்?"

"அவர்தான் சாஹிப். என்னை ஒரு படி கீழ இறக்கிட்டாங்க."

கிழவர் தாடையைச் சொறிந்தார். "தண்ணி எந்தப் பக்கம் ஓடும் பிட்டியா?"

"கீழதான்."

"அப்ப கடைமடைக்கு நல்லதுதானே." மனுவை அவள் மேஜையிலேயே வைத்தார்.

மத்தியானம் திரிவேதி வந்து வாசலில் நின்றான். நாக்கு பழைய பழக்கத்தை விடவில்லை.

"மேடம், அந்தத் துண்டு..."

"அது என் வீட்டுத் துண்டு நீரஜ். உங்க வீட்டுலேர்ந்து ஒண்ணு கொண்டாங்க. இப்ப உக்காருங்க. தலைமடை மதகை இன்னிக்கு சாயங்காலம் மூடணும். உத்தரவு எழுதியாச்சு, உங்க கையெழுத்துதான் பாக்கி."

"தலைமடை என் மாமனார் ஊரு மேடம்."

"தெரியும். அதனாலதான் உங்க கையெழுத்துக்கு அங்க மரியாதை."

அவன் போட்டான். மதகு மூடியது, கடைமடைக்குத் தண்ணீர் போனது. மறுநாள் திரிவேதியின் நாற்காலியிலும் ஒரு துண்டு ஏறியது, மாமியார் கொடுத்த பூப்போட்ட துண்டு. ஆனாலும் சந்திரகலா ஓய்வுபெறும்வரை அவள் அறை வாசலில் நின்ற வரிசை, படியிறங்கி, மைதானம் தாண்டி, கால்வாய்க் கரைவரை நீண்டது.

மொட்டைமாடி வெயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே நான் சொன்ன இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சந்திரகலா, இந்த இடத்தில் கையை நிறுத்தி என் பக்கம் திரும்பினாள்.

"சாச்சி, வரிசை வராந்தாவைத் தாண்டல. அது போகட்டும். ராணி மாதிரியெல்லாம் நான் நடக்கல. துண்டை மடிச்சது வீட்டுக்கு எடுத்துட்டுப் போக. லீவு மனு எழுதி பையில வெச்சிருந்தேன். எதிர் ரூம்ல பொறுப்பேத்துக்கிட்டதா ஒரு கையெழுத்து போட்டுட்டு அப்படியே கிளம்பிடலாம்னுதான் போனேன். நாற்காலி பூரா புறா எச்சம். துண்டை விரிச்சு ஒரு நிமிஷம் உக்காந்தேன், ஹெல்மெட்காரர் வந்துட்டாரு. அவர் பின்னாடியே ஒவ்வொருத்தரா. அப்புறம் எந்திரிக்க எங்க நேரம் கிடைச்சுது?"