சாமில் குடாவை விட்டுப் போன மீன்கள்

டாயில் தன் படகை வண்டியில் பூட்டி இழுத்துக்கொண்டு போனது மார்ச் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. டென்னஸியின் டோரன் ஏரியில் அந்த ஆண்டின் முதல் மீன்பிடிப் போட்டி நடக்கவிருந்த நாள் அது. அன்று காலை அவனும் அவன் அக்கா வெர்னாவும் ஒரே படகில் இறங்கியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் இறங்கினார்கள்.

அந்த வாரம் வெர்னா மாநில மீன்துறைக்கு ஒரு மனு அனுப்பியிருந்தாள். ஏரியில் வருடாவருடம் வரி பாஸ் என்ற கோடுபோட்ட மீனின் குஞ்சுகளை விடுகிறார்களே, அதை நிறுத்தச் சொல்லி.

“வரி பாஸ் பிடிக்கத்தான் வெளியூர்க்காரங்க என் படகுல வர்றாங்க. தெரிஞ்சும் என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே அக்கா.”

“உன் மீனு என் மீனைத் திங்குது. நான் வேற என்ன பண்ண?”

“தின்னதைப் பாத்தியா?”

“சாமில் குடாவுல மீனில்ல. அதைப் பாத்தேன்.”

“அப்போ அந்தக் காலித் தண்ணியோடயே குடித்தனம் பண்ணு” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினான். ஏரியின் மறுகோடியில், அணைக்குப் பக்கத்தில் குடியேறினான்.

வெர்னா ஸ்டட்ஸுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். மற்ற நேரமெல்லாம் கருப்பு பாஸ் மீன் பிடிப்பதுதான். ஏரிச் சங்கத்தின் செயலாளரும் அவளே. சாமில் குடா அவள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. முன்பெல்லாம் பேருந்தை எடுப்பதற்குள் ஐந்து மீன் பிடித்து, பார்த்து, திருப்பி விட்டுவிட்டு வருவாள். இப்போது வாரம் முழுக்கத் தூண்டில் போட்டாலும் ஒன்று கிடைத்தால் பெரிது. அந்தக் குடாவில் மறுபடி மீன் துள்ளுவதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

மனுவை விசாரிக்க மீன்துறையிலிருந்து டாலிவர் என்ற இளைஞன் வந்தான். டாயில் மீன் அறுக்கும் மேஜையிலேயே முப்பது வரி பாஸை அறுத்து, வயிற்றில் இருந்ததைக் கொண்டுவந்து வெர்னாவின் முன்னால் தட்டில் பரப்பினான். எல்லாம் வெள்ளிப் பொடிமீன்.

“ரெண்டும் ஒரே ஏரியில இருந்தாலும் ஒரே தெருவுல இல்லீங்க. வரி பாஸ் நடு ஏரியில, குளுந்த ஆழத்துல பொடிமீன் கூட்டத்தைத் துரத்திட்டு அலையுது. உங்க மீனு கரையோரம், முங்கின மரத்தடியில பதுங்கிக் கெடக்குது.”

“தம்பி, நீங்க அறுத்தது முப்பது. ஏரியில எத்தனை இருக்கு?”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு யோசனை சொன்னான். போட்டி நாளில் நிறுப்பதற்காக எடைத்துறைக்கு வரும் ஒவ்வொரு மீனுக்கும் முதுகுத் துடுப்படியில் எண் போட்ட மஞ்சள் சீட்டு மாட்டிவிடலாம், எங்கே பிடித்தது என்று குறித்துக்கொள்ளலாம், பிறகு எந்தச் சீட்டு எங்கே அகப்படுகிறதென்று பார்க்கலாம். வெர்னா உடனே ஒப்புக்கொண்டாள். சீட்டெல்லாம் வரி பாஸின் வயிற்றிலிருந்துதான் வரப்போகிறது என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை.

அவர்கள் சங்கத்தில் மீனைக் கொல்லும் வழக்கமில்லை. பிடித்ததைப் படகுத் தொட்டியில் உயிரோடு வைத்து, எடைத்துறைக்குக் கொண்டுவந்து, நிறுத்து, கைதட்டி, அங்கேயே தண்ணீரில் விடுவார்கள். செத்த மீனோடு வருகிறவனை வெர்னா வறுத்தெடுத்துவிடுவாள். விட்ட மீனை உடனே எவனும் பிடித்துவிடக் கூடாதென்று, துறைக்கு நூறு கஜத்துக்குள் தூண்டில் போடக்கூடாது என்று விதி எழுதியவளும் அவள்தான்.

அந்தப் பருவத்தின் போட்டிகளில் சாமில் குடாவிலிருந்து பதினான்கு மீன் கொண்டுவந்தாள். பதினான்குக்கும் டாலிவர் சீட்டு மாட்டினான்.

“இந்தத் துறையிலிருந்து உங்க குடாவுக்குப் பதினெட்டு மைல் இருக்குங்களே, திரும்பிப் போயிடுமா?” என்று டாலிவர் கேட்டான்.

“வீடு தெரியாத உயிர் உண்டா” என்றாள்.

பிறகு காத்திருந்தாள். விடிந்தால் குடா, பேருந்தை நிறுத்தினால் குடா. புழு, பொம்மைத் தவளை, மினுக்கும் தகடு என்று பெட்டியில் இருந்ததையெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டாள். தூண்டிலில் பாசிதான் வந்தது. படகில் எதிர் இருக்கை காலியாகக் கிடந்தது. அதில் தன் சாசேஜ் டப்பாவை வைத்துப் பார்த்தாள். படகு திரும்பும்போதெல்லாம் அது உருண்டு விழுந்தது. மனுவுக்குப் பதில் வந்தது: குஞ்சு விடுவது தொடரும். அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்தாள். பிறகு சங்கக் கோப்பில் வைக்க வேண்டுமே என்று உட்கார்ந்து ஒட்டினாள்.

சங்கக் கூட்டத்தில் இரண்டாவது மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டபோது ஒருவன் எழுந்தான். “ஏம்மா வெர்னா, உங்க வீட்டுக் குழாயில தண்ணி வரலைன்னாலும் வரி பாஸ்தான் காரணமா?” எல்லோரும் சிரித்தார்கள். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

டாயிலுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். “மீன் அறுக்கும்போது மஞ்சச் சீட்டு வந்தா மறைக்காதே.” பதில் இல்லை. மறைக்கிறான் என்றே முடிவு கட்டினாள். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. இன்னொரு கோடையும் போனது. குடாவில் மீன் வரவில்லை.

அடுத்த வருட அக்டோபரில் ஒரு பிற்பகல். பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகப் பேருந்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது கைபேசி அதிர்ந்தது. டாயிலிடமிருந்து செய்தி.

“அக்கா, பெட்ரோல் போட எடைத்துறையில படகைக் கட்டினேன். ஒரு டப்பா புழு மிச்சமிருந்துச்சு. மேடைக்கு அடியில விட்டேன். நான்தான் இப்ப சங்கத்துல இல்லையே, உன் விதி என்னை ஒண்ணும் பண்ணாது. ஒரு மணி நேரத்துல ஏழு கருப்பு பாஸ். நாலுல மஞ்சச் சீட்டு: 6, 9, 11, 13. டாலிவரைக் கேட்டேன், நாலும் உன் குடா மீனாம். நல்லாக் கொழுத்துப்போய்க் கெடக்கு. யாரும் திங்கல. இருபத்திரண்டு வருஷமா நாம ரெண்டு பேரும்தான் அள்ளிட்டு வந்து இங்க எறக்கிட்டுப் போயிருக்கோம். நாலையும் தொட்டியில வச்சிருக்கேன். இப்ப கெளம்பினா அஞ்சு மணிக்கு சாமில் குடா. வீட்ல இருப்பியா?”