அருவிக்கு இறங்குமுன் மாப் கேட்டவர்

மாத்தளை நகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் நுஹ்மானைப் போல் பயத்தை ஒழுங்காகப் பராமரித்தவர் வேறொருவர் இல்லை. பஸ்ஸில் நடு இருக்கையில்தான் உட்காருவார். முன்னால் இருந்தால் மோதும், பின்னால் இருந்தால் தூக்கிப்போடும். றம்புட்டான் கொட்டை தொண்டையில் சிக்கும் என்று கத்தியால் பிரித்துத்தான் தின்பார். மாடு கட்டக் கயிறு கேட்டு வருகிறவரிடம், மாடு சாதுவானதா என்று விசாரிக்காமல் விற்கமாட்டார்.

இப்பேர்ப்பட்டவர், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, இரத்தோட்டைக்கு மேலே ஓர் அருவியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கத் தீர்மானித்தார். உயிரைப் பணயம் வைத்து விளையாடுபவர்களை அறிவாளிகள் வகைபிரித்திருக்கிறார்கள்: மரணத்தைச் சீண்டிப் பார்ப்பவர்கள், வாழ்க்கை சலித்தவர்கள், படம் எடுத்துப் போடுபவர்கள். நுஹ்மான் எதிலும் அடங்காததால் விஞ்ஞானம் சற்றுச் சங்கடப்படுகிறது.

ஆட்களை அருவியில் இறக்கும் தொழில் செய்கிற ஷிஹாம் ஒருநாள் கடைக்கு வந்ததுதான் காரணம்.

“நானா, ஒங்கட வயசில ஒருத்தர் போன கிழம இறங்கினார்.”

“பயப்படல்லயா?”

“பயந்தார்தான். கீழ வந்து பாத்தா பயத்தக் காணல்ல. மேலயே வெச்சிட்டு வந்தீக்கிறார்.”

நுஹ்மான் யோசித்தார். பயத்தை இத்தனை காலம் சுமந்தவருக்கு, அதை இறக்கி வைக்க ஓர் இடம் இருப்பது புதுச் செய்தி. பெயரைக் கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு அவர் செய்தது, அவருடைய தெருவில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். மக்காவுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் உறவு, அயல், பகை என்று எல்லா வாசலிலும் ஏறி மாப், அதாவது மன்னிப்பு, கேட்பது அங்கே வழக்கம். நுஹ்மான் கணக்குப் போட்டார். மக்காவுக்குப் போகிறவர் விமானத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டு போகிறார். தானோ கயிற்றில் தொங்கப் போகிறவன். யாருக்கு மாப் அவசரம்?

“ஒரு பயணம் போறேன். தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சீந்தா மாப் பண்ணிக்கோங்க.”

எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மாப் கேட்பவரிடம் அதைக் கேட்கத் தேவை இல்லை. தேநீர்க்கடைக்காரர் கட்டிப்பிடித்து அழுது, பாலில் தண்ணீர் கலந்ததற்குத் தானும் மாப் கேட்டார்.

கடைசியாகப் பலாபத்வல ஊருக்குப் போனார். அங்கே இருப்பவர் அவருடைய நானா, கூடப்பிறந்த அண்ணன் பலீல். நுஹ்மானின் மகள் கல்யாணத்தில் தன்னை முதல் பந்தியில், பலர் சேர்ந்துண்ணும் சஹன் தட்டுக்கு அழைக்காமல் இரண்டாம் பந்திக்குத் தள்ளிவிட்டார் என்று, அன்றிலிருந்து தம்பியோடு பேச்சை நிறுத்தியவர். வாசலில் தம்பியைக் கண்டதும் முகம் திருப்பினார். மாப் என்ற சொல் காதில் விழுந்ததும் உருகிவிட்டார்.

“மாப் பண்ணிட்டேன்டா. அங்க போய் எனக்கும் துஆ கேளு. வரக்கொள்ள கொஞ்சம் சம்சம் தண்ணி கொண்டு வா.”

எல்லோரும் தன்னை மக்காவுக்குப் போகிறவன் என்று நினைத்துவிட்டது அப்போதுதான் நுஹ்மானுக்கு விளங்கியது. திருத்தப் பயந்து, வந்துவிட்டார்.

அருவியின் உச்சியில் பெல்ட்டைப் பூட்டியபோது ஒரு கேள்வி தலையைத் தின்றது. மக்காவுக்கென்று கிடைத்த மாப் இரத்தோட்டையில் செல்லுமா? செல்லாவிட்டால், திரும்பக் கிடைத்த நானாவும் போச்சு. போனை எடுத்தார்.

“நானா, நான் மக்காவுக்குப் போகல்ல. இரத்தோட்டையில, மலையில நிக்கிறேன். கயித்துல இறங்கப் போறேன்.”

மறுமுனையில் பலீல் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

“அசையாம நில்லு. வாறேன்.”

பலீலின் முச்சக்கர வண்டி வந்து சேருவதற்குள், இறங்க வந்திருந்த மற்றவர்கள் எல்லோரும் இறங்கி முடித்தார்கள். பலீல் மேலே ஏறி வரவில்லை. நேராக அடிவாரத்துக்குப் போய், கீழே நின்று பாதுகாப்புக் கயிற்றைப் பிடிப்பவருக்குப் பக்கத்தில் தானும் ஒரு பிடி பிடித்துக்கொண்டார். அந்தக் கயிற்றைக் கீழிருந்து இறுக்கினால், இறங்குகிறவர் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். இது பலீலுக்கு உடனே விளங்கிவிட்டது.

கீழே நானாவைக் கண்டதும் இறங்கத் தொடங்கிய நுஹ்மான் பாதி தூரம் வந்திருப்பார். கயிறு இறுகியது. தண்ணீர் தலையில் கொட்ட, அந்தரத்தில் நின்றார்.

“டேய்! என்ன ஏன்டா ரெண்டாம் பந்தியில வெச்ச?”

“நானா, உடுங்க!”

“சொல்லு, உடுறேன்!”

பாறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நுஹ்மான் கத்தினார்: “பயத்துல நானா! முதல் பந்தியில ஒங்கள வெச்சா சம்மந்திமாருக்கு முன்னால எறச்சி வேகல்லண்டு சொல்லுவீங்க!”

கீழே பலீல் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

“வெந்தீந்திச்சா?”

“இல்ல நானா!”

பலீல் சிரித்த சிரிப்பில் கயிறு நடுங்கியது. பக்கத்தில் நின்றவர் பதறிப்போய்த் தன் பிடியை இறுக்கினார். பிறகு கயிறு மெல்லத் தளர்ந்தது. நுஹ்மான் வழுக்கி வழுக்கி வந்து தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். பயத்தை மேலே வைத்துவிட்டு வரவில்லை, முழுதாகக் கூடவே கொண்டுவந்திருந்தார். ஆனாலும் அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஷிஹாமுக்கு நன்றி சொன்னார். கயிற்றுக்கு, பெல்ட்டுக்கு, அசையாமல் நின்ற பாறைக்கு என்று வரிசையாகச் சொன்னார். பலீல் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு?”

“ஒங்களுக்குச் சொல்லத்தான் பயமாயீக்கி நானா.”

“சொல்லு.”

“மாப் பண்ணினத்துக்கு... நன்றி நானா.”

பலீல் தன் தோள் துவாயால் தம்பியின் தலையைத் துவட்டிக்கொண்டே, காதை அவர் வாய்க்கு அருகில் கொண்டுவந்தார்.

“தண்ணிச் சத்தத்துல கேக்கல்ல. இன்னொருக்கா சொல்லு.”