திருப்பித் தாண்டாத ஆள்

ஆட்டு மந்தை கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வாடை காற்றில் வந்துவிடும். மாசி பங்குனியில், குரும்பலூர்ப் பக்கத்துக் காடுகள் காய்ந்து கிடக்கையில் அந்த வாடை வந்தால் அம்மா என் தங்கையை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

தரையில் படுத்திருக்கும் பிள்ளையை யாராவது தாண்டினால் அது வளராது, தாண்டியவரே திருப்பித் தாண்டினால் சரியாகிவிடும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. என் தங்கை செல்வி கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா அவளை வரப்போரம் கிடத்திவிட்டுக் கூலிக்குப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாளாம். தெற்கேயிருந்து, காட்டுக்கு எருவாக ஆடுகளை ராத்திரி அடைத்துக் "கிடை" போட வந்த ஆட்டுக்காரன் ஒருவன் பிள்ளையைத் தாண்டிக்கொண்டு போய்விட்டானாம். "யோவ், புள்ளைய தாண்டிட்டுப் போறியே, திரும்பி வந்து தாண்டிட்டுப் போய்யா!" என்று அம்மா மடியில் பருத்தியோடு பின்னால் ஓடியிருக்கிறாள். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் அன்று வீட்டில் இருந்தேன். எல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும்.

செல்வி வளரவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அதே பாவாடை அவளுக்குச் சரியாக இருந்தது; எனக்குச் சிறுத்துப்போன சட்டைகள் அவளுக்காக ஆணியில் தொங்கியே வெளுத்துப்போயின.

அதனால் வருஷா வருஷம் மந்தை வரும் பாதையில் அம்மா அவளைப் படுக்க வைப்பாள். "கண்ண மூடிக்கடி, அசையாத. அந்த ஆளு வருவான்" என்று சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கருவேல மரத்துக்குப் பின்னால் நிற்பாள். ஆடுகள் அவளைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போகும், ஒரு குளம்புகூட அவள் மேல் படாது. ஆட்டுக்காரர்களும் ஒதுங்கியே போவார்கள், அவர்களுக்கும் அந்தப் பயம் உண்டு. "போயிட்டானாம்மா?" என்று புழுதிக்குள்ளிருந்து மூடிய கண்ணோடு கேட்பாள். ஒரு வருஷம், "யாரோ மூஞ்சிகிட்ட குனிஞ்சு மூச்சு வுட்டாங்க, சூடா இருந்துச்சு" என்றாள். அவள் பக்கத்தில் யாரும் குனியவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

செல்விக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து பார்க்கும் கண்டக்டர்கள் "பாப்பா, சீக்கிரம் ஏறு" என்கிறார்கள். பள்ளியில் முட்டையும் வீட்டில் பாலுமாக வளர்ந்த அவள் மகள், ஏழாவது படிக்கும்போதே தாயைவிட உயரம். காடுகளில் பிளாட் கல் முளைத்துவிட்டது, கிடை வருவதில்லை. பிள்ளைகள் டிவி முன்னால் படுத்துக் கிடக்கிறார்கள். நாங்கள் பாட்டுக்குத் தாண்டிப் போகிறோம்.

போன மாதம் இடுப்புவலிக்காகச் செல்வியைப் பார்த்த டவுன் டாக்டர், சின்னதில் போதிய சாப்பாடு இல்லாமல்தான் வளர்த்தி நின்றிருக்கும், அந்தக் காலத்தில் கூலி வீடுகளில் இது சகஜம் என்றார். அம்மாவுக்கு நிம்மதியாக இருக்குமென்று வந்ததும் வராததுமாகச் சொல்லித் தொலைத்தேன். தனக்குப் பால் வற்றிய அந்த வருஷத்தில் பழைய சோற்றை வடித்த "நீச்சத்தண்ணி"யைப் புகட்டித்தான் அம்மா செல்வியைத் தூங்கவைத்தாள்.

"அப்ப அந்த ஆளு இல்லையா?" என்றாள். "நாந்தானாடி?"

"டாக்டருக்கு என்னம்மா தெரியும். அவந்தான். நானும் பாத்தேன்ல" என்றேன்.

சொன்னதும், புழுதிக்குள் நடந்துபோகும் அவன் முதுகு எனக்கு நன்றாகவே தெரிந்தது.