உடன்படேன், தந்தையே!

பண்டாரவளையில் பழைய புத்தகக் கடையொன்றில் அந்த அட்டையைக் கண்டதும் கை நின்றது. குதிரைமேல் வாளோடு ஓர் இளவரசி. சின்ன வயதில், ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டில் இந்த நாவலைத்தான் அக்காவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் மட்டுமே. எங்களிடமிருந்த புத்தகத்தில் பின்பாதி இல்லை. கொழுந்து பறித்துவிட்டு வரும் அக்கா, ரொட்டி தட்டிக்கொண்டே இளவரசியின் பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பாள்.

ஒருநாள் மடுல்சீமையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்பாவின் வயதிருக்கும். அப்பா சம்மதமென்று வாயெடுக்கும்போது, தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு அக்கா நிமிர்ந்தாள்.

"இத்திருமணத்திற்கு யான் உடன்படேன், தந்தையே!"

யார் அந்தத் தந்தையென்று அப்பா திரும்பிப் பார்த்தார்.

"பொண்ணு என்னாங்க சொல்லுது? சம்மதமா?" என்றார் மாப்பிள்ளையின் தமக்கை.

அப்பா என்னைப் பார்த்தார். "தம்பி, நீதான படிச்சவன். என்னடா சொல்றா?"

"முடியாதுங்குதுப்பா."

அக்கா அப்படி நிமிர்ந்து நின்று அப்பா கண்டதில்லை. அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"தேத்தண்ணிய குடிச்சிட்டுப் போங்க. எங்க புள்ள சொன்னா சொன்னதுதான்."

பிறகு அக்கா தனக்குப் பிடித்தவரையே கட்டினாள். கடையிலிருந்தே அவளுக்குப் போன் போட்டு, முழுப் புத்தகம் கிடைத்ததைச் சொன்னேன்.

"அந்த இளவரசி கடைசில யாரடா கட்டுனா?"

"இனித்தாங்க்கா படிக்கணும்."

"படி, படி. யாரக் கட்டியிருந்தாலும் அவ இஷ்டமாத்தான் இருக்கும்."